சுவருக்கு வெளியே போன சூடு

கோபி,

நல்லா இருக்கியா, சாப்பிட்டியா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்கணும் என்கிறாள் உன் அக்கா. கேட்டதாகவே வைத்துக்கொள். நீ சாப்பிடுவதும் தூங்குவதும் இந்த ஒரு வருஷமாக அவள் வழியாகத்தான் எனக்குத் தெரிகிறது. அவளிடம் பேசுகிறாய். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்கிறாய். "இரு, தர்றேன்" என்று அவள் போனை என் பக்கம் நீட்டுவதற்குள் "வேலை வந்துட்ச்சுக்கா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். கடிதத்தையும் நீ பாதியில் வைத்துவிடலாம். ஆனால் போன் மாதிரி அது அடங்கிப்போகாது. மேஜைமேல் கிடக்கும், கண்ணில் படும், ஒருநாள் எடுத்து மீதியைப் படிப்பாய்.

எனக்கு எழுத்து வராது. லைசென்ஸ் வாங்குவதற்காகக் கற்றுக்கொண்ட கையெழுத்து ஒன்றுதான் என் படிப்பு. நான் சொல்லச் சொல்ல உன் அக்கா எழுதுகிறாள். இதற்காகவே போளூரிலிருந்து பஸ் ஏறி மலைக்கு வந்திருக்கிறாள். டீச்சர் இல்லையா, என் பேச்சைக் கொஞ்சம் துடைத்து, தலை சீவிவிட்டுத்தான் எழுதுவாள். எழுதட்டும். விஷயத்தை மட்டும் மாற்றக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். இதை வேறு யாராவது படித்தாலும் எனக்கு ஒன்றும் இல்லை. முடியாத அப்பா அம்மாவை வீட்டில் வைத்துக்கொண்டு வேலையும் பார்க்கிற பிள்ளைகள் படித்தால் நல்லதுதான்.

தை பிறந்தால் உன் அம்மாவுக்கு வருஷத் தெவசம். கொள்ளி வைத்தவன் நீ. நீதான் வந்து செய்யணும். அக்காவிடம் நீ சொன்ன பதிலை அவள் முதலில் எனக்கு மறைத்தாள், அப்புறம் சொல்லிவிட்டாள். "அந்த வூட்டுக்குள்ள என்னால காலு வெக்க முடியாதுக்கா. நீங்களே செஞ்சிடுங்க." ஏன் முடியாது என்று நீ அவளிடம் சொல்லவில்லை. சொல்லவேண்டியதும் இல்லை. அம்மா கட்டிலுக்கு மேலே சுவரில் இருக்கிற அந்த ஓட்டைதான் காரணம். அந்த ஓட்டையின் கதையில் உனக்குத் தெரியாத பாகம் ஒன்று இருக்கிறது. அதைத்தான் சொல்லப்போகிறேன். ஆனால் எனக்கு எதையும் முன்னாலிருந்து சொன்னால்தான் வரும், உனக்குத் தெரியும்.

நீ பிறந்தது மார்கழியில். போளூர் ஆஸ்பத்திரியிலிருந்து உன்னையும் அம்மாவையும் நான் ஓட்டிய ஜீப்பிலேயே மலைக்குக் கூட்டி வந்தேன். முதலாளி அன்றைக்கு வண்டியைச் சும்மா கொடுக்கவில்லை; பின்னால் சிமெண்டு மூட்டைகளை ஏற்றிவிட்டான். பாதி மலை ஏறுவதற்குள் வண்டிக்குக் கொதி வந்துவிட்டது. வளைவில் ஓரங்கட்டி பானெட்டைத் தூக்கிவைத்துவிட்டு நின்றேன். கொதி அடங்காமல் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் மூஞ்சி வெந்துவிடும், காத்திருக்கத்தான் வேண்டும். சாயங்காலம் இறங்கிக்கொண்டிருந்தது. பனி மரங்களுக்குள்ளிருந்து நடந்து வருவது மாதிரி வந்தது. நான் கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், உன் அம்மா பச்சை உடம்போடு இறங்கி வந்து, உன்னை மடியில் சுருட்டிக்கொண்டு, வண்டியின் முன்பக்கம் பம்பர்மேல் உட்கார்ந்திருக்கிறாள்.

"இன்னாமே, உள்ள உக்காராம?"

"இங்கதாங்க கதகதன்னு கீது. புள்ள கையப் பாருங்க, உள்ள சில்லுன்னு இருந்துச்சு. இப்போ எப்பிடி ஆயிட்ச்சு பாருங்க."

உன் கையைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. மலைக்காற்றில் உனக்குக் கிடைத்த முதல் சூடு ஒரு ஜீப் ரேடியேட்டரின் சூடுதான். அப்புறம் அது அடங்கியதும் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. என் கேனில் பாதிதான் இருந்தது. அவள் குடிப்பதற்காக ஆஸ்பத்திரியில் காய்ச்சி நிரப்பிக் கொடுத்த கூஜாத் தண்ணீரை எடுத்து நீட்டினாள். "உனக்கு வோணாமா?" என்றேன். "அதுக்கு ஊத்துங்க. அது போனாத்தான நாம போறது. வூட்டுக்குப் போயி நான் குடிச்சிக்கிறேன்" என்றாள். அன்றைக்கு எனக்கு அது பெரிதாகப் படவில்லை. பொம்பளைகள் சொல்வதுதானே என்று ஊற்றிவிட்டேன். இப்போது எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.

அதற்கப்புறம் நீ படித்தது, மெட்ராஸில் வேலைக்குப் போனது எல்லாம் உனக்கே தெரியும். சினிமாவுக்கும் விளம்பரத்துக்கும் கம்ப்யூட்டரில் உருவம் செய்கிற வேலை என்றாய். அம்மாவுக்கு மூச்சு இளைப்பு முற்றியதும், வீட்டிலிருந்தே பார்க்கிறேன் என்று கம்பெனியில் கேட்டு வாங்கிக்கொண்டு நீ மலைக்கே வந்தாய். அட்டைப் பெட்டிகளாக வந்து இறங்கியது உன் மெஷின். ஒவ்வொன்றாய் எடுத்து நீயே பூட்டினாய். பக்கத்தில் கண்ணாடி, உள்ளே நீலத் தண்ணீர், குழாய்க்குள் அது ஓடுவது தெரியும். அம்மா கட்டிலில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னாடா இது, மீனுத் தொட்டியா? மீனக் காணோம்."

"மீனு இல்லமா. உள்ள படம் போடற கார்டு ஒன்னு கீது, அது சூடாவும். தண்ணி அந்தச் சூட்ட வாங்கிக்கினு போயி ரேடியேட்டர்ல வுட்டுட்டுத் திரும்ப வரும்."

"போச்சு! உங்கப்பன் இப்பதான் ஜீப்ப வுட்டுத் தொலைச்சாரு. நீ வூட்டுக்குள்ளயே ஒன்னு கொண்டாந்துட்டியா?"

நீ சிரித்த சிரிப்பில் அவளுக்கும் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, தண்ணீர் கொடுக்க நான் ஓடினேன். அப்புறம் பார்த்தால் அந்தப் பெட்டி ஓடுகிற நேரமெல்லாம் அந்த அறை கதகதவென்று இருந்தது. வேலூரில் பார்த்த டாக்டர் "குளிர்ல மட்டும் வெக்காதீங்க" என்று சொல்லியிருந்தார். அடுப்பு மூட்டினால் புகை, அவளுக்கு ஆகாது. கரண்டு ஹீட்டர் போட்டால் நம் வீட்டு லைனில் ஃபியூஸ் போய்விடும். உன் பெட்டி அவளுக்கு ஹீட்டர் ஆகிவிட்டது. தன் கட்டிலை அதன் பக்கத்தில் போடச் சொன்னாள். நீ வேலை செய்வாய், அவள் அந்த அனலில் கண்ணை மூடிக் கிடப்பாள். போன வருஷத்துக்கு முந்தின குளிர் அப்படிக் கழிந்தது. நம் வீட்டில் அவ்வளவு நிம்மதியாக ஒரு மார்கழி போனதாக எனக்கு ஞாபகம் இல்லை.

பிறகு பெரிய வேலை ஒன்று கிடைத்து நீ இரண்டாவது கார்டு போட்டாய். அங்கேதான் சங்கடம் ஆரம்பித்தது. ஒரு கார்டுக்குப் போட்ட ரேடியேட்டர் இரண்டு கார்டைத் தாங்கவில்லை. தண்ணீர் சூட்டை இறக்கிவைக்க இடமில்லாமல் சூடாகவே திரும்பி வருகிறது என்று நீ சொன்னாய். நீ தூங்கப் போனபின் பெட்டி தானாகப் படத்தை முடிக்க வேண்டும். காலையில் எழுந்து பார்த்தால் பாதியில் நின்றிருக்கும். விசிறிகள் ஊளையிடும். சன்னலைத் திறந்துவைத்தால் கொஞ்சம் ஓடும். ஆனால் அம்மா கிடக்கிறாள் என்று நீ சன்னலைத் திறக்கமாட்டாய். மூடினால் அறை வெந்து, பெட்டி நிற்கும். கம்பெனிக்காரன் போனில் உன்னைக் கேட்ட கேள்வியெல்லாம் எங்கள் காதில் விழுந்தது. "சார், இன்னும் ஒரு நாள் சார், ஒரே ஒரு நாள்" என்று நீ கெஞ்சியதும் விழுந்தது. நீ வாசலில் போய்ப் பேசினாய். இந்த வீட்டில் வாசலில் பேசினாலும் கட்டிலுக்குக் கேட்கும்.

அப்போதுதான் பெரிய ரேடியேட்டர் வாங்கினாய். நம் ஜீப்பில் இருந்ததைவிடக் கொஞ்சம்தான் சின்னது. பெட்டிக்குள் வைக்க இடமில்லை. சுவரில், அம்மா கட்டிலுக்கு மேலே மாட்டிவிடுவதாக உன் யோசனை. "அம்மாவுக்கும் கதகதன்னு இருக்கும்ப்பா" என்றாய். நான்தான் குறுக்கே விழுந்தேன். உனக்கு ஞாபகம் இருக்கும், நான் சொன்ன வார்த்தை எனக்கும் ஞாபகம் இருக்கிறது.

"எந்த ஜீப்புலயாவது ரேடியேட்டர சீட்டுக்கு அடியில வெச்சிப் பாத்துக்கிறியா? மூஞ்சிலதான் இருக்கும். காத்துல. வூட்டுக்குள்ள வெச்சா அந்தச் சூடு எங்கடா போவும்? திரும்ப உன் பொட்டிக்குள்ளதான் வரும். செவுரத் தொளச்சி வெளிய வெய்யி."

நீ தயங்கினாய். "வெளிய ரொம்பக் குளுந்துதுன்னா உள்ள கொழாய் வேர்க்கும்ப்பா, தண்ணி சொட்டும்" என்றாய். "அதெல்லாம் ஓடுற வண்டிக்கு வேர்க்காது" என்றேன். அப்புறம் மெதுவாக, "அம்மா?" என்றாய். நான் பதில் சொல்வதற்குள் கட்டிலிலிருந்து அவளே சொன்னாள். "எனக்கு இன்னாடா, ரெண்டு கம்பளி கீது. செவுத்துல அது தலைக்கு மேல தொங்குனா எனக்கு பயமா இருக்கும். வெளியவே வெய்யி." நீ அதை நம்பினாய்.

மறுநாள் சுவரைத் துளைத்தோம். இரண்டு குழாய் போகிற அளவுக்குத்தான். வெளியே சன்ஷேடுக்குக் கீழே ரேடியேட்டரை மாட்டி, மழைத்தண்ணீர் படாமல் தகரம் அடித்தேன். தண்ணீர் ஊற்றுகிற நேரத்தில் நான் பழக்கதோஷத்தில் கிணற்றுத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றேன். நீ பதறிப்போனாய்.

"ஐயோ, அத ஊத்தாத! உள்ள பாசி புடிச்சிடும்."

"ஜீப்புக்கு ஊத்தறப்போ புடிக்காத பாசியா?"

"ஜீப்புக்கும் புடிச்சிருக்கும். நீ எட்டிப் பாத்திருக்க மாட்ட."

அம்மா கட்டிலில் இருந்து, "குடு, அத நான் குடிக்கிறேன், எனக்குப் பாசி புடிக்கட்டும்" என்றாள். அன்றைக்கு அவள் நல்ல குரலில் பேசினாள். நீ பாட்டில் பாட்டிலாக உன் நீலத் தண்ணீரை ஊற்றினாய். குழாய்க்குள் அடைத்த காற்று வெளியேறுவதற்காக நான் பெட்டியை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பிடித்தேன். குழாய் சேர்கிற ஒவ்வொரு பூட்டுக்கும் கீழே காகிதம் விரித்து, கார்டுக்குக் கரண்டு கொடுக்காமல் பம்பை மட்டும் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டாய். ஒரு காகிதமும் நனையவில்லை. அப்புறம் எல்லாவற்றையும் ஓட்டினாய். விசிறிச் சத்தம் அடங்கிப்போனது. ஊளை இல்லை. பெட்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று காதை வைத்துப் பார்க்கவேண்டியிருந்தது. உள்ளே இருந்த பழைய ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தேன், சும்மா வெதுவெதுப்பு. "சூடெல்லாம் வெளிய இருக்கிறது வழியாப் போயிடுதுப்பா" என்று நீ சந்தோஷமாகச் சொன்னாய். அந்த வேலையை முடித்துக் கொடுத்தாய். கம்பெனிக்காரன் அடுத்த வேலையையும் உனக்கே கொடுத்தான்.

அந்த அறைக்கும் அன்றோடு வெதுவெதுப்பு விட்டுப்போனது.

தெருவில் திரிகிற அந்தச் செவலை நாய் எப்படிக் கண்டுபிடித்ததோ, வெளியே ரேடியேட்டருக்கு அடியில் வந்து படுக்க ஆரம்பித்தது. விசிறி தள்ளுகிற அனலில் காலை நீட்டிக்கொண்டு தூங்கும். ஒருநாள் நான் அதை விரட்டினேன். உன் அம்மா சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "வுடுங்க. அதுக்காவது கெடைக்குதே" என்றாள். அப்போது நீ பக்கத்தில் இருந்தாய். உன் முகம் எப்படி ஆனது என்று நான் பார்த்தேன். அவள் உடனே, "ஊரு நாய்க்கெல்லாம் ஹீட்டரு வெச்சிக் குடுத்துக்கிறான் என் புள்ள" என்று சேர்த்துச் சொல்லிச் சிரித்தாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நீ இன்னும் மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். நானும் மறக்கவில்லை.

அந்த மார்கழி மோசமான மார்கழி. காலையில் கிணற்றடியில் கையை நனைத்தால் விரல் மரத்துப்போகும். நீ எத்தனை தடவை கேட்டிருப்பாய், "அம்மா, குளுருதா? சன்னல மூடட்டா? அத உள்ள மாத்தட்டா?" ஒவ்வொரு தடவையும் அவள் "இல்லடா" என்றாள். தம்பி, வயதானவர்களிடம் குளிருதா என்று கேட்காதே. கேட்டால் அவர்கள் சொல்லப்போகிற பதில் ஒன்றே ஒன்றுதான். நானும் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். போர்வைக்குள் கையைவிட்டுப் பாதத்தைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். நான் தொட்டுப் பார்த்தபோது நேரம் கடந்துவிட்டது. பொங்கல் முடிந்ததும் சளி கட்டி, மூச்சு திணறி, வாடகை ஜீப்பில் ஏற்றி போளூர் போவதற்குள் பாதி மலையிலேயே அடங்கிவிட்டாள். விடிந்திருந்தது. வெயில் வந்திருந்தது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

பிறகு உன் மாமன் பேசியது. படவேட்டிலிருந்து வந்தவன் பிணத்துக்கு முன்னால் உட்காராமல் வீட்டைச் சுற்றிப் பார்த்தான். நம் பக்கத்தில் ஆகாத நட்சத்திரத்தில் சாவு விழுந்தால் வாசல் வழியாக எடுக்கமாட்டார்கள், சுவரை இடித்து அந்த வழியாக எடுப்பார்கள். அவன் அந்த ஓட்டையைப் பார்த்துவிட்டு எல்லோரும் கேட்கச் சொன்னான். "சாவு வந்தா செவுர ஒடைப்பாங்க. இவன் ஒடைச்சி வெச்சிக்கினு சாவக் கூப்ட்டுக்கிறான். எங்கக்கா மேல வந்த சூட்டப் புடுங்கி நாய்க்குப் போட்டானே." நீ பாடைக்கு மூங்கில் பிடித்துக்கொண்டிருந்தாய். நான் அவன் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். என் கை எழவில்லை. அவன் அக்கா போன துக்கத்தில் பேசுகிறான் என்று நினைத்தேன். நீ அப்படி நினைக்கமாட்டாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீடு கழுவியபோது நீ கட்டிலை இழுத்தாய். சுவரைப் பார்த்தாய். குழாயைச் சுற்றி நீ வைத்த ஸ்பாஞ்சு எப்போதோ விழுந்துபோய், அந்த இடத்தில் துணி அடைத்திருந்தது. உன் அம்மாவின் பாசிப்பச்சைச் சேலையின் கிழிசல். நீ அதைத் தொட்டாய், எடுக்கவில்லை. அன்றைக்கு சாயங்காலமே மெஷினை அணைத்துவிட்டு பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாய். நீ என்ன நினைத்துக்கொண்டு போனாய் என்று எனக்குத் தெரியும். குளிர் தாங்காமல், நீ தூங்குகிற நேரம் பார்த்து, அந்த உடம்பை வைத்துக்கொண்டு எழுந்து நின்று, சேலையைக் கிழித்துத் தானே அடைத்துக்கொண்டாள் என்று நினைக்கிறாய். அந்தப் படத்தைத்தான் உன் மண்டைக்குள் ஒரு வருஷமாக ஓட்டிக்கொண்டிருக்கிறாய்.

அது அப்படி நடக்கவில்லை. சேலையைக் கிழித்தது நான். முக்காலிமேல் ஏறி நின்று அடைத்தது நான். அவள் கட்டிலில் படுத்துக்கொண்டு, "இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளுங்க, அங்க காத்து வருது பாருங்க" என்று எனக்கு வேலை ஏவினாள். நீ பால் வாங்கப் போயிருந்தாய். "பையன் கண்ணுக்குத் தெரியாம உள்ள தள்ளி வெய்யிங்க. பாத்தான்னா திரும்ப உள்ள மாத்தறேன்னு ஆரம்பிப்பான்" என்றாள்.

இன்னொன்றும் இருக்கிறது. இதைச் சொல்ல மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ரேடியேட்டரை வெளியே வைக்கச் சொன்னது என் மூளை இல்லை. ஜீப்பு, சீட்டு, மூஞ்சி என்று நான் பேசியதெல்லாம் அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பிய பேச்சு. நீ வாசலில் நின்று அந்தக் கம்பெனிக்காரனிடம் கெஞ்சினாயே, அன்று மத்தியானம் சோறு பிசைந்து கொடுக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் படுத்துக்கிறதுக்காக அவன் சன்னல மூடுறான். சன்னல மூடுறதால அந்தப் பொட்டி நின்னுடுது. புதுசா வாங்கப்போறத உள்ள மாட்டுனா இன்னும் மோசமாத்தான் ஆவும். என்னால அவன் பொழப்பு நிக்கக் கூடாது. வெளிய வெக்கச் சொல்லுங்க."

"உனக்குக் குளுருமே."

"குளுரும். அதுக்கு இன்னா? நீங்களா சொல்ற மாதிரி சொல்லுங்க. ஜீப்பு கதையெல்லாம் சொன்னா நம்புவான். நான் சொன்னேன்னு மட்டும் என்னிக்கும் சொல்லாதீங்க."

அவளுக்குக் குளிரும் என்று தெரியும். டாக்டர் சொன்னது என்னைவிட அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. தெரிந்துதான் சொன்னாள். எனக்கும் தெரியும். தெரிந்துதான் வந்து உன்னிடம் ஜீப்பு கதை சொன்னேன். அவள் பேச்சை நான் அதற்கு முன்னால் தட்டியதும் உண்டு, அன்றைக்குத் தட்டவில்லை. ஏன் என்று கேட்டால் எனக்கும் நீ கெஞ்சியதைக் கேட்க முடியவில்லை. அவ்வளவுதான்.

இந்த இடத்தில் உன் அக்கா பேனாவை வைத்துவிட்டாள். அவளுக்கும் இது தெரியாது. "இத்தினி நாளா இத வாயில வெச்சிக்கினு இருந்தியாப்பா? அவன் அங்க செத்துக்கினு கெடக்கிறான், நீ வாக்கு வாக்குன்னு குந்திக்கினு இருக்கிறியா?" என்று கத்தினாள். முகத்தைக் கழுவிவிட்டு வந்து இப்போது எழுதுகிறாள். நான் என்ன சொல்லட்டும். சொன்னால் நீ அம்மாமேல் கோபப்படுவாயோ என்று பயந்தேன். செத்தவள்மேல் பிள்ளை கோபப்பட்டால் அது எங்கே போய் முட்டும்? என்மேல் கோபப்படுவாயோ என்றும் பயந்தேன், அதையும் மறைக்கவில்லை. சும்மா இருந்தால் காலம் ஆற்றும் என்று விட்டேன். ஆற்றவில்லை. நீ போனை வைக்கிற வேகத்திலேயே தெரிகிறது.

உன்னைத் தேற்றுவதற்காக நான் பொய் சொல்லப்போவதில்லை. அந்தக் குளிர்தான் அவளைக் கொண்டுபோனதா, போகிற நேரம் வந்து போனாளா என்று டாக்டரும் சொல்லவில்லை, யாரும் சொல்லமுடியாது. குளிர்தான் என்று வைத்துக்கொண்டால் அதில் அவள் கை இருக்கிறது, என் கை இருக்கிறது, உன் கை கடைசியில்தான் வருகிறது. அதுவும் உண்மை தெரியாத கை. நீயே சொன்னாய் அன்றைக்கு, ஒரு ரேடியேட்டர் தாங்காத சூட்டை இரண்டு தாங்கும் என்று. சூடு குறைந்துபோகாது, இறங்குவதற்கு இடம்தான் கூடும் என்றாய். ஒரு வருஷமாக ஒருத்தனாக வைத்துக் கொதிக்கிறாய். எனக்குப் பங்கு இருக்கிறது, கொடு. அக்காவுக்கும் இப்போது தெரிந்துவிட்டது, அவளும் கொஞ்சம் வாங்கிக்கொள்வாள். உன் மாமனையும் தெவசத்துக்குக் கூப்பிட்டிருக்கிறேன். அவன் முன்னால் இந்தக் கடிதத்தை உன் அக்காவைப் படிக்கச் சொல்லப்போகிறேன். அவன் அக்கா எப்படிப்பட்டவள் என்று அவனும் தெரிந்துகொள்ளட்டும்.

மெஷின் நீ விட்டுப்போன இடத்திலேயே இருக்கிறது. நீலத் தண்ணீர் குழாயில் அசையாமல் நிற்கிறது. கண்ணாடியை மட்டும் துடைக்கிறேன், வேறு எதையும் தொடவில்லை. எதைத் தொட்டால் எது ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஓட்டையில் அவள் சேலை அப்படியே இருக்கிறது. நாய் இன்னும் வந்து வெளியே ரேடியேட்டருக்கு அடியில் படுக்கிறது. அனல் வருவதில்லை, ஆனாலும் அது வருகிறது. கொஞ்ச நேரம் மேலே பார்க்கும், பிறகு சுருண்டுகொள்ளும்.

தெவசத்துக்கு வா, கோபி. வரும்போது அந்தக் குழாயும் பூட்டும் எது வேண்டுமோ வாங்கிக்கொண்டு வா. ரேடியேட்டரைக் கழற்றி உள்ளே, கட்டிலுக்கு மேலே, நீ முதலில் சொன்ன இடத்திலேயே மாட்டலாம். சன்னலைத் திறந்துவைத்துக்கொள், பெட்டி நிற்காது. அந்தக் கட்டிலில் இப்போது நான்தான் படுக்கிறேன். இந்த வருஷம் மார்கழி சீக்கிரமே வந்துவிட்ட மாதிரி இருக்கிறது. நீ போனில் குளிருதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். கேட்காதே. வந்து காலைத் தொட்டுப் பார்.

உன் அப்பா

(கையெழுத்து நானே போட்டது.)